எத்தனை மஞ்சாடி?

என் பகவதி அக்காவுக்கு,

நீ இதைப் படிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேறு யாருக்கு எழுத? ஆண்டு மலருக்கு நம் டிரஸ்டின் வரலாறும் நோக்கமும் இரண்டு பக்கத்தில் வேண்டும் என்று ரமணி டீச்சர் காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். "சேச்சி எழுதியால் மதி. வேறெ ஆர்க்கும் அறியில்லல்லோ" என்றாள். நான் எழுதினால் போதுமாம், வேறு யாருக்கும் தெரியாதாம். உண்மைதான். தெரிந்த ஆள் நீ ஒருத்தி, அடுத்தது நான்.

அரசாங்க ஆபீஸில் ஆயுசு முழுக்கக் குறிப்பெழுதிய கை அல்லவா, உட்கார்ந்ததும் "நிறுவனர்" என்று முதல் சொல்லை எழுதிவிட்டேன். அதற்கு முன்னால் "மறைந்த" என்று சேர்க்க வேண்டுமே என்று தோன்றியது. பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய்த் துணி மடித்தேன்.

நீ போய் மூன்று மாதமாகிறது. போன வாரம் வரைக்கும் நான் அழவில்லை. வீம்பெல்லாம் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். காலையில் எழுந்து பால் காய்ச்சுகிறேன், கோமுவுக்குத் தலை வாரிவிடுகிறேன், பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். வலியசாலைத் தெருவில் இரண்டு பேர் என் காதுபடவே "செம்பகத்துக்கு நெஞ்சுல கல்லுதான் இருக்கு" என்றார்கள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அதுவும் வரவில்லை.

வரலாறு என்று கேட்டால் நான் எதைச் சொல்லட்டும்? அப்போது என் கோமுவுக்கு ஐந்து வயசு, மூளை வளர்ச்சி மெதுவான பிள்ளை. மூன்று பள்ளிக்கூடம் ஏறி இறங்கியாயிற்று. மூன்றாவதில் தலைமையாசிரியை ரொம்ப மரியாதையாக, மற்ற பிள்ளைகளின் பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லி, கோமுவின் கையில் ஒரு மிட்டாயும் கொடுத்து அனுப்பினாள். நான் நேரே ஆரியசாலைக்கு, அப்பாவின் மிளகாய் மண்டிக்கு வந்து மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதேன். கோமுவின் அப்பா வளைகுடாவிலிருந்து கடிதம் போடுவதை நிறுத்திய வருஷம் அது. அன்றைக்கெல்லாம் எனக்கு அழுகை நன்றாக வரும்.

நீ பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாக வந்தாய். "ஏட்டி, கரைஞ்சது போதும். நாளைக்கு இவளை என்னட்ட விட்டுட்டு நீ ஆபீசுக்குப் போ" என்றாய். உனக்கும் வேலை இருக்கிறதே என்றேன். "நான் எழுதிக் குடுத்தாச்சு" என்றாய். நிரந்தர டீச்சர் வேலையை விட்டுவிட்டாய். எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை, ஆனால் எட்டாம் நாள் மண்டியின் மாடியைக் காலி செய்து கொடுத்தார்.

அந்த மாடிதான் நம் முதல் பள்ளிக்கூடம். கோமு, அப்புறம் இரண்டு பிள்ளைகள், அப்புறம் ஐந்து. கீழே மிளகாய் மூட்டையை அவிழ்த்தால் மேலே பள்ளிக்கூடமே தும்மும். நீ பாடம் நடத்தியதைவிட மூக்குத் துடைத்ததுதான் அதிகம். ஆனாலும் "ஒருத்தர் தும்மினா அடுத்தவர் துண்டு குடுக்கணும்" என்பதை அவர்கள் கற்றுக்கொண்டது அங்கேதான். பள்ளிக்கூடம் வலியசாலை வீட்டுக்கு மாறிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போதும் நான் தும்மினால் நாலு துண்டு நீள்கிறது.

பலகையைப் பற்றி எழுத வேண்டும். வெளியே இருப்பவர்கள் இதைப் படிப்பார்கள், அவர்களுக்குத் தெரியாது. ஒரு ஒட்டுப்பலகையில் நீ நாலு துணிப்பை தைத்து ஆணியடித்தாய். ஒன்றில் வீடு வரைந்திருக்கும், ஒன்றில் பள்ளிக்கூடம், ஒன்றில் ஆஸ்பத்திரி, ஒன்றில் பஸ். ஆளுக்கொரு அட்டை, அதில் அவரவர் போட்டோ. பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, டீச்சர்களுக்கு, வேன் ஓட்டுகிறவருக்கு, சமையல்காரம்மாவுக்கு, உனக்கு, எனக்கு, எல்லோருக்கும் உண்டு. காலையில் யார் உள்ளே வந்தாலும் அவர் அட்டை வீட்டுப் பையிலிருந்து பள்ளிக்கூடப் பைக்குப் போகும். சாயங்காலம் திரும்பும். மாற்றுவது கோமுவின் வேலை. இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாள் கூடத் தப்பவிட்டதில்லை.

பஸ் பைக்கு மட்டும் கூட ஒரு பாட்டில். யாராவது ஊருக்குப் போனால், எத்தனை ராத்திரி கழித்து வருவார்களோ அத்தனை மஞ்சாடி அதற்குள் விழும். கோயில் மதிலோரத்து மரத்தடியில் பொறுக்கிய அந்தச் சிவப்பு விதைகள்தான். தினம் காலையில் ஒன்றை எடுத்து டப்பாவில் போட வேண்டும். பாட்டில் காலியாகிற அன்றைக்குப் போனவர் வந்து நிற்பார். "அடுத்த செவ்வாக்கிழமைன்னு சொன்னா இதுகளுக்கு என்ன தெரியும்? கண்ணால பாக்கட்டும்" என்பாய். ஒரு பயல் ஒரு மஞ்சாடியை விழுங்கிவிட்டு, அவனை டாக்டரிடம் கூட்டிப்போய், இரண்டு நாள் கழித்து அது பத்திரமாக வெளியே வந்ததும் உண்டு. அதை நீ கழுவித் திரும்பப் பாட்டிலில் போட்டாய் என்று ரமணி இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.

ஒருமுறை திருநெல்வேலிக்குக் கல்யாணத்துக்குப் போனாய். மூன்று மஞ்சாடி. திரும்புகிற அன்று பேய்மழை, பஸ் ஓடவில்லை. நாகர்கோவிலில் காய்கறி லாரியில் ஏறி, சாலை மார்க்கெட்டில் இறங்கி, கத்தரிக்காய் வாசத்தோடு நனைந்து நடந்து வந்தாய். நான் திட்டினேன். கோமு ஆச்சரியப்படவில்லை. சிரிக்கக்கூட இல்லை. உன் அட்டையை பஸ் பையிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூடப் பையில் வைத்தாள், போய்விட்டாள். "பாத்தியா செம்பா, அவளுக்குச் சந்தேகமே இல்ல" என்றாய். உன் முகம் அப்படிப் பூரித்து நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

நோக்கம் என்று ரமணி கேட்டதற்கு இதைத்தான் எழுத வேண்டும். குளிக்க, உடுக்க, கடையில் சோப்பு வாங்க, சரியான பஸ்ஸில் ஏறிச் சரியான இடத்தில் இறங்க நீ கற்றுக்கொடுத்தாய். எல்லாவற்றுக்கும் அடியில், சந்தேகமில்லாமல் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தாய். அதற்கு மற்ற எல்லோரும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

சுஜா செத்துப்போனபோது நான் உன்னோடு சண்டை போட்டது நினைவிருக்கிறதா? இருதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள். பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிடலாம் என்று மற்ற பெற்றோர் எல்லோரும் சொன்னார்கள். நீ திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துச் செத்துப்போனாள் என்றே சொல்லிவிட்டாயாம். நான் ஆபீஸில் இருந்தேன். சாயங்காலம் வந்து, "பிள்ளையள்ட்ட போயி அப்பிடிச் சொல்லலாமா? உனக்கு மனசே கிடையாதா?" என்று கத்தினேன். நீ புடவையை மடித்துக்கொண்டே, "பின்ன பாட்டில்ல எத்தனை மஞ்சாடி போடணும்? நீயே சொல்லு" என்றாய். அதற்குமேல் அன்றைக்கு என்ன செய்தாய், எப்படிச் சொன்னாய் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

அதே வருஷம்தான் டிரஸ்டைப் பதிவு செய்தோம். ஆதாரப் பத்திரம் எழுதுகிறவர் கல்வி, பயிற்சி, மறுவாழ்வு என்று வழக்கமாக எழுதுவதை எல்லாம் எழுதி முடித்துக் கண்ணாடியைக் கழற்றப் போனார். இன்னும் ஒரு வரி இருக்கிறது என்றாய். இங்கே வருகிற யாரிடமும், அவர்களுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு பொய் சொல்லக் கூடாது. அவர் உன்னையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து, "இதொக்கெ ஆதாரத்தில் எழுதான் பற்றுமோ டீச்சரே?" என்றார். எழுதத்தான் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாய். ஏழாவது வரி. அதை டைப் அடித்துக் கொடுத்தவள் நான்தான்.

அந்த ஏழாவது வரியை நானே மீறினேன், அக்கா. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தாய். ஆம்புலன்ஸ் போனதும் கோமு உன் அட்டையை ஆஸ்பத்திரிப் பையில் வைத்தாளாம். மறுநாள் மத்தியானம் டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு பருத்தியை அடைத்த மாதிரி ஆகிவிட்டது. யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்தது.

கோமுவை ரமணி வீட்டுக்கு அனுப்பும்போது அவள் வாசலில் நின்று, "பெரியம்ம எங்க?" என்று கேட்டாள். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. "நாகர்கோவிலுக்குப் போயிருக்கா மக்ளே. சித்தப்பா வீட்டுக்கு" என்றேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், இப்போது இந்த நாள் கழியட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

"எத்தனை மஞ்சாடி?"

"பத்து" என்றேன்.

தைக்காட்டுச் சுடுகாட்டில் எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் திறந்தோம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோமு உன் அட்டையை ஆஸ்பத்திரிப் பையிலிருந்து எடுத்து பஸ் பையில் வைத்தாள். டப்பாவைத் திறந்து விரல்விட்டுப் பத்து மஞ்சாடி எண்ணிப் பாட்டிலில் போட்டாள். அவளுக்குப் பத்து வரைதான் எண்ணத் தெரியும் என்பது அந்த நேரத்தில் எனக்குப் பெரிய சௌகரியமாகப் பட்டது. இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் கோமு வேனில் ஏறியதும் நான் உள்ளே போய் ஒரு பிடி மஞ்சாடியைப் பாட்டிலில் போட்டேன். திரும்பினால் ரமணி நிற்கிறாள். "சேச்சீ" என்றாள். நான் உன் தங்கை, இப்போது டிரஸ்டுக்குச் செயலாளர் வேறு. யார் என்ன சொல்ல முடியும்? சமையலம்மாவும் வேன் டிரைவரும் கோமு கேட்டபோதெல்லாம் "நாகர்கோவில்" என்று சொன்னார்கள். நீ முப்பது வருஷமாக ஒரு பொய்யும் நுழையவிடாத வீட்டில் நான் எல்லோரையும் பொய் சொல்ல வைத்தேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் அப்படி ஓடியது. காலையில் அவள் ஒன்று எடுப்பாள், சில நாள் சாயங்காலம் நான் பத்துப் பதினைந்து போடுவேன். எண்ணத் தெரியாவிட்டால் என்ன, அவளுக்குக் கண் இல்லையா? பாட்டில் குறையவில்லை என்பது தெரியாதா? முதலில் அவள் பாட்டிலை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பிறகு வேனில் ஏற மாட்டேன் என்று பலகையடியிலேயே உட்கார்ந்தாள். நான் கெஞ்சி, அதட்டி, இழுத்துக்கொண்டு போனேன்.

போன செவ்வாய்க்கிழமை அவள் அட்டைகளைத் தொடவில்லை. எல்லோரும் வந்து உட்கார்ந்தாயிற்று, பலகையில் எல்லோர் முகமும் வீட்டுப் பையிலேயே இருக்கிறது. கோமு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளில் பீனா பலகையிடம் போனாள், தன் போட்டோ எங்கே இருக்கிறது என்று பார்த்தாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டில் போய் நின்றாள். என்னடி என்று கேட்டால், "ஞான் வீட்டிலா" என்கிறாள், அவள் வீட்டில் இருக்கிறாளாம். அவள் பின்னாலேயே இன்னும் மூன்று பேர் பையோடு. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். நானும் சிரிக்க முயன்றேன்.

ரமணி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "ஏழாமத்தெ வரி டைப் செய்தது சேச்சியல்லே?"

அப்போதுதான் பயம் வந்தது. மூன்று மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். நீ போனதைவிடப் பெரிய ஒன்று போகப்போகிறது என்று பட்டது. கோமுவுக்கு உலகத்தில் பிடித்துக்கொள்ள இருந்தது அந்தப் பலகையும் பாட்டிலும்தான். அதை நீ கட்டிக் கொடுத்தாய், பெற்றவள் நான் உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், உனக்குத் தெரியும், காதைத்தான் பார்ப்பாள். "கோமு, பெரியம்ம நாகர்கோவில்ல இல்ல. அம்ம பொய் சொன்னேன். பெரியம்ம செத்துப் போயிட்டா. ஆஸ்பத்திரியிலயே செத்துப் போயிட்டா." அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆபீஸில் ஒரு தகவலை வாசித்தது போலத்தான் வந்தது.

"எத்தனை மஞ்சாடி?" என்றாள்.

"மஞ்சாடி கிடையாது மக்ளே."

அவள் கொஞ்ச நேரம் என் காதையே பார்த்தாள். பிறகு எழுந்தாள். பாட்டிலில் இருந்த மஞ்சாடி முழுவதையும் டப்பாவில் கொட்டினாள். குழாயடியில் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். உன் அட்டையை பஸ் பையிலிருந்து எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். பழைய மர அலமாரியின் கதவைத் திறந்தாள். கதவின் உட்பக்கம் சுஜாவின் போட்டோ ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே முன்பு இங்கே சமைத்த அம்மாளின் போட்டோ. அவள் இறந்தபோதும் நான் ஆபீஸில்தான் இருந்தேன். எத்தனை தடவை அந்த அலமாரியில் பாய் எடுத்திருக்கிறேன், கதவின் உட்பக்கத்தை நான் பார்த்ததில்லை. ஏன் அக்கா எனக்குக் காட்டவில்லை? நான் கேட்காததால்தானா?

கோமு அந்த அம்மாளின் கீழே உன்னை ஒட்டினாள். ஒரு தடவை உள்ளங்கையால் அழுத்தினாள். பிறகு என்னிடம் வந்து, உன் குரலிலேயே, அதே இழுப்போடு சொன்னாள். "இப்பம் கரையலாம். சோத்துக்கு மணியடிக்கது வரை. பொறவு போதும்."

சுஜா போன அன்று நீ பிள்ளைகளிடம் சொன்ன வார்த்தை அது என்று ரமணி சொன்னாள். அன்றைக்கு எல்லோரும் அழுதார்களாம், மணி அடித்ததும் எழுந்து கைகழுவினார்களாம். கோமு எதையும் மறக்கவில்லை. அவளுக்குப் புரியாது என்று நினைத்தது நான் ஒருத்திதான்.

நான் அலமாரியடியில் உட்கார்ந்தேன். கோமு பக்கத்தில் உட்கார்ந்து கரைந்தாள், அடித்தொண்டையில், தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு. எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. பாய்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. கோமு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். வழியில் பலகையில் எல்லோரையும் பள்ளிக்கூடப் பைக்கு மாற்றினாள். பீனா கேட்டிலிருந்து திரும்பி வந்தாள்.

அன்றைக்குச் சோறு, சாம்பார், தேங்காய் போட்ட பயற்றங்காய்த் தோரன். இரண்டாவது கவளத்தை எடுத்தபோது என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நிறுத்த முடியவில்லை. வாயில் சோற்றோடு அழுதேன். நாலு பக்கமிருந்தும் துண்டு நீண்டது. கோமு மட்டும் என் காதைப் பார்த்து, "மணி அடிச்சாச்சு" என்றாள்.

அக்கா, இந்தக் கடிதத்தையே மலருக்குக் கொடுத்துவிடப் போகிறேன். இதைவிட நம் டிரஸ்டுக்கு வரலாறும் இல்லை, நோக்கமும் இல்லை. மூன்று மாதம் பொய் சொன்ன செயலாளர் என்று நாலு பேர் படிக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ரமணியிடம் கொடுத்துவிட்டேன். நான் போகிற அன்றைக்கே கோமுவிடம் சொல்லிவிட வேண்டும். ஊர்ப் பெயர் எதுவும் சொல்லக் கூடாது, பாட்டிலை எடுக்கக் கூடாது. அவளைத் தைக்காட்டுக்கும் கூட்டிப்போக வேண்டும். என் அட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டால் போதும், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். நேற்று அந்தக் கதவைத் திறந்து பார்த்தேன். உனக்குக் கீழே இன்னும் ஒரு போட்டோவுக்கு இடம் இருக்கிறது.

உன் தங்கை,
உன் கோமுவைப் பெற்றவள்,
செம்பா